நாம் கொடுக்கப் போன கரை

அன்பு மகள் சுகந்திக்கு,

மூன்று நாட்களுக்கு முன் கிளிநொச்சியிலிருந்து தொலைபேசி எடுத்து, நீ என்னிடம் ஒரு பக்கம் கேட்டாய். "அப்பா, மொசாம்பிக் போய் வந்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. உதவி தாறவைக்கு அனுப்ப வேணும். உங்கட சொல்லிலேயே இருக்கட்டும்" என்றாய். கடற்றொழிலாளர் சங்கத்துக்கு வருடக்கணக்காகக் கூட்ட அறிக்கை எழுதிய கை இது. ஒரு பக்கம் எழுதுவது பெரிய வேலையா என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். போனோம், படகுகளைத் திருத்தினோம், திருத்தப் பழக்கினோம், எல்லாருக்கும் நன்றி என்று எழுதி முடித்து வாசித்துப் பார்த்தால், அதில் நீ இல்லை. உன்னை விட்டுவிட்டு அந்தப் பயணத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு உனக்கே எழுதுகிறேன். வருகிற கிழமை நீயே அந்தக் கரைக்கு, மூன்று வருடத்துக்கு, வெளிக்கிடுகிறாய். இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் வாசித்துக் காட்டலாம். என் பெயர் கெடுகிற இடங்களையும் வெட்ட வேண்டாம். அந்த இடங்களைச் சொல்லாவிட்டால் உன்னைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் மிஞ்சாது.

முல்லைத்தீவுச் சந்தையில் யாராவது "உன்ர மேள் என்ன வேலை செய்யிறாள்?" என்று கேட்டால், நீண்ட நாளாக எனக்குச் சரியான பதில் இருந்ததில்லை. "வெளிநாட்டுக்காரரிட்ட உதவி கேக்கிற வேலை" என்று சொல்லியிருக்கிறேன். ஒருமுறை உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு, "இஞ்சரப்பா, பிள்ளை கையேந்துறாள் எண்ட மாதிரிச் சொல்லாதேங்கோ" என்று சந்தை நடுவிலேயே என்னை ஏசினாள். இன்று கேட்டால் இப்படிச் சொல்வேன்: எங்களுடைய ஊர்களில் கைத்தொழில் தெரிந்தவர்களை, அந்தத் தொழில் தேவைப்படுகிற தூரத்து ஊர்களுக்குத் தொண்டர்களாக அனுப்புகிறாள். அதற்குத் தோள் கொடுக்கக்கூடிய ஆட்களைத் தேடிப் பிடித்து, அவர்களைப் பங்காளிகளாக்குகிறாள். இந்த இரண்டு வசனத்தையும் சரியாகச் சொல்ல எனக்கு ஆறு வருடம் பிடித்தது, மகள்.

வெடித்த பைபர் படகை ஒட்டித் திருத்துகிற தொழில் என் கைக்கு வந்ததே ஒரு தொண்டரால்தான். அது உனக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கும். சுனாமியாகக் கடல் வந்தபோது உன் அண்ணா றெஜிக்குப் பத்து வயது, உனக்கு ஆறு. கரைவலை இழுப்பதைப் பார்க்கப் போன அவன் திரும்பி வரவில்லை. அடுத்த மாதங்களில் எங்கள் கரைக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். பைபர் படகுகளை லொறியில் கொண்டுவந்து இறக்கிப் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. சில படகுகள் எங்கள் கடலுக்குச் சரிவராது. சிலது முதல் வருடமே கல்லில் அடிபட்டு வெடித்தது. வெடித்த பைபரை எப்படி ஒட்டுவது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் நான்கு மாதம் நின்றா. ஏதோ குளிர்நாட்டில் படகுத் தொழிற்சாலையில் வேலை செய்தவவாம். பொம்பிளை படகு ஒட்டப் போறாவோ என்று நாங்கள் சிரித்தோம். அவா எங்களிடம் பழகிய முதல் தமிழ் "மூக்கை மூடு" என்பதுதான். பைபர்த் தூள் மூக்குக்குள் போகாமல் துணி கட்டச் சொல்லி நாள் முழுவதும் எங்களை அதட்டுவா. அவா போகும்போது எங்கள் கரையில் நான்கு பேருக்குப் படகு ஒட்டத் தெரிந்திருந்தது. அவா யார் அனுப்பி வந்தா, யார் செலவு பார்த்தார்கள் என்று அன்று நான் யோசிக்கவே இல்லை. அவாவுக்குப் பின்னாலும் எங்கேயோ ஒருத்தர் உன்னைப்போல மாதக்கணக்கில் கடிதம் எழுதியிருப்பார் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

இனி நான் வெட்கத்தோடு எழுத வேண்டியது. சண்டை முடிந்து, முகாமிலிருந்து விடுபட்டு, ஊருக்குத் திரும்பித் தரப்பாள் கூடாரத்தின் கீழ் இருந்தோமே, அந்தக் காலம். ஒரு வெள்ளை வாகனத்தில் சிலர் வந்தார்கள். ஒவ்வொரு வீடாகக் கதை கேட்டுப் படம் எடுத்தார்கள். யாருடைய கதை அவர்களைத் தொடுகிறதோ அந்த வீட்டுக்கு ஏதாவது வரும் என்று ஊரில் பேச்சு. நான் றெஜியின் படத்தை உன் கையில் கொடுத்து உன்னைக் கமெராவுக்கு முன்னால் நிறுத்தினேன். உனக்குப் பதின்மூன்று வயது. நீ கல்லுமாதிரி நின்றாய். உன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "கொஞ்சம் அழு பிள்ளை" என்று சொன்னேன். நீ அழுதாய். இரண்டு மாதத்தில் கூரைத் தகரமும் தையல் மெசினும் வந்தன. அந்தத் தகரத்தின் கீழ்தான் நீ படித்தாய், அந்த மெசினில்தான் அம்மா உனக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்தாள். அதனால் நான் செய்தது சரி என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீயும் ஒரு நாளும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

வவுனியாவில் படிப்பை முடித்துவிட்டுக் கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவன அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தாய். வெளிநாட்டுத் தொண்டர்களைக் கூட்டிக்கொண்டு உருத்திரபுரம், ஒட்டுசுட்டான் என்று திரிந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து கதை சொல்லுவாய். ஒரே பள்ளிக்கூடச் சுவருக்கு ஒரே வருடத்தில் மூன்று குழுக்கள் வர்ணம் பூசின கதையைச் சொன்னபோது அம்மா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினாள். வந்தவர்களை நீ குறை சொல்லவில்லை. "நல்ல பிள்ளையள் அப்பா, அவையளுக்கு என்ன செய்யிறதெண்டு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை" என்றாய். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரிப்பு இல்லாமல் வந்தாய். கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டினாய். எங்கேயோ ஒரு கடற்கரையில் பைபர் படகுகள் வெடித்துக் கவிழ்ந்து கிடந்தன. அது மொசாம்பிக் என்றாய். புயலுக்குப் பிறகு யாரோ கொடுத்த படகுகள். ஒட்டத் தெரிந்தவர்கள் இல்லாமல் சும்மா கிடக்கின்றன. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது சின்ன வேலை. அடிப்பக்கம் பழுதில்லை. ஒரு கிழமையில மூண்டு போட் ஒட்டலாம்" என்றேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அப்ப போவமே அப்பா?"

"எங்க?"

"அங்கதான். இவ்வளவு நாளும் எங்களுக்குக் குடுக்கத்தானே எல்லாரும் வந்தவை. நாங்கள் எப்ப குடுக்கப் போறது?"

நான் விளையாட்டென்று நினைத்தேன். நீ அடுத்த திங்கட்கிழமையே முதல் கடிதத்தை எழுதிவிட்டாய். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நீ பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வீட்டுக்குள் சிக்னல் இல்லாததால் கோயில் மதிலோரம் கதிரை போட்டு உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்து, எந்தெந்த நாட்டுக்காரர்களோடோ கதைப்பாய். வன்னியிலிருந்து தொண்டர்களா என்று பலர் ஆச்சரியப்பட்டார்கள். நீங்கள் உதவி பெறுகிற பட்டியலில்தான் இருக்கிறீர்கள், கொடுக்கிற பட்டியலில் இல்லை என்று ஒருவர் மரியாதையாக எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நீ எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "பட்டியலை மாத்தலாம் தானே" என்று சொல்லித் தேத்தண்ணி குடிக்கப் போனாய்.

கடைசியில் ஒரு பெரிய நிறுவனம் செலவை ஏற்கச் சம்மதித்தது. நாலு பேர் கடவுச்சீட்டு எடுத்தோம். அதில் ஒருவன் நெடுங்கேணி இராசையா, எஞ்சின் திருத்துகிறவன். மலையகத்திலிருந்து வந்து காட்டோரம் குடியேறிய குடும்பம். உழவு இயந்திரத்தையும் தண்ணீர்ப் பம்பையும் பிரித்துப் பூட்டுகிற கைக்குப் படகு எஞ்சின் என்ன பெரிய காரியம் என்று நீதான் அவனைத் தேடிப் பிடித்தாய். அந்தக் கடவுச்சீட்டுக்காக அவன் எத்தனை முறை பஸ் ஏறினான், எத்தனை அலுவலகத்தில் பழைய குடியுரிமைக் கடதாசிகளைத் தேடினான் என்பது உனக்குத் தெரியும். எல்லாம் சரிவந்த நேரத்தில் அந்த நிறுவனம் ஒரு வீடியோப் படம் கேட்டது. நானும் அம்மாவும் கடற்கரையில் றெஜியின் படத்தோடு உட்கார்ந்து அவனைப் பறிகொடுத்த கதையைச் சொல்ல வேண்டும். நீ முடியாது என்று எழுதினாய். அதன் பிறகு அவர்களுடைய கொழும்பு ஆள் எனக்கு நேரே தொலைபேசி எடுத்தார். "ஐயா, மகளுக்குக் கொஞ்சம் பிடிவாதம். பத்து நிமிச வேலை. இல்லாட்டி எல்லாம் நிண்டு போகும்" என்றார். உன்னிடம் சொல்லாமல் நான் ஓம் என்றேன். உன் இரண்டு வருட உழைப்பு பத்து நிமிடத்துக்காக வீணாகக் கூடாது என்று நினைத்தேன். உனக்கு உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன், மகள்.

அன்று காலை வெயில் ஏறுவதற்குள் அவர்கள் கமெராவை முக்காலியில் பூட்டிவிட்டார்கள். அம்மா மணலில், மடியில் றெஜியின் படத்தோடு, தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் உன் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. யார் உனக்குச் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிளிநொச்சியிலிருந்து பரந்தன் வீதியால் நேரே ஓடி வந்திருக்கிறாய். ஹெல்மெற்றைக் கழற்றாமலே மணலில் நடந்து வந்து கமெராவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றாய்.

"அம்மா, படத்தைத் தாங்கோ. எழும்புங்கோ" என்றாய். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினாய். "எங்கட வாடிக் கொட்டிலில ரெண்டு போட் ஒட்டக் கிடக்கு. அப்பா ஒட்டிக் காட்டுவார். அதை எவ்வளவு நேரமெண்டாலும் எடுங்கோ. இதை எடுக்கேலாது."

கொழும்பு ஆள் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "தங்கச்சி, இது இல்லாட்டி அங்க இருக்கிற ஆக்களுக்கு மனசு இளகாது."

"மனசு இளகினவை ஒருக்காத்தான் தருவினம் அண்ணா. எங்களுக்குக் கடைசி மட்டும் கூட நிக்கிற ஆக்கள் வேணும்."

அவர்கள் படகு ஒட்டுவதைப் படம் எடுக்க நிற்கவில்லை. சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு நான் உன்மேல் சத்தம் போட்டேன். ரெண்டு வருசத்தை மண்ணாக்கிப் போட்டாய் என்றேன். நீ சத்தம் போடவில்லை. குசினி வாசலில் நின்று, "பதின்மூண்டு வயசில ஒருக்கா நிண்டனான் அப்பா. அது காணும், இனிப் போதும்" என்றாய். அம்மா றெஜியின் படத்தைத் துடைத்துச் சுவரில் மாட்டினாள். அன்று கேட்க வேண்டிய மன்னிப்பை இன்று இந்தக் கடிதத்தில், எல்லாரும் வாசிக்கக்கூடியதாகக் கேட்கிறேன். கடற்கரையில் செய்ததற்கும், அதற்கு முன் தரப்பாளுக்குள் வைத்துச் செய்ததற்கும்.

அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. செய்தி கேட்டு இராசையா நெடுங்கேணியிலிருந்து பஸ்ஸில் வந்தான். ஏசுவான் என்று நினைத்து நான் வாசலிலேயே நின்றேன். அவன் சட்டைப் பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்துத் தடவிக்கொண்டே, "நம்ம குடும்பத்துல மொத பாஸ்போர்ட்டு இதுதான் அண்ணே. போகாட்டியும் பரவாயில்ல, பெட்டியில இருக்கட்டும்" என்றான். அவன் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நீ உள்ளேயிருந்து வந்து அவனுக்கு முன்னால் உட்கார்ந்தாய். "இராசையா அண்ணை, பெட்டியில வைக்காதேங்கோ. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் தாங்கோ" என்றாய்.

அதன் பிறகு நீ செய்ததைத்தான் உதவி தருகிறவர்களும் உதவி தேடுகிறவர்களும் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதலில் வெளியே போகாமல் உள்ளே வந்தாய். எங்கள் சங்கக் கூட்டத்தில் எழும்பி, "போறது எங்கட ஆக்கள். முதல்ல எங்கட கை இருக்க வேணும். நீங்கள் என்ன தருவியள்?" என்று கேட்டாய். மற்றவர்களிடம் கேட்பாய் என்று பார்த்தால் எங்களிடமே கேட்கிறாயே என்று சபையில் முணுமுணுப்பு எழுந்தது. பிறகு சங்கம் கருவிகளைத் தந்தது. பெண்கள் சங்கம் நாலு பேருக்கும் ஐந்து கிழமைக்குப் போதுமான கருவாடும் மிளகாய்த் தூளும் கட்டித் தர ஒத்துக்கொண்டது. நாங்கள் போகும் நாட்களில் எங்கள் வீடுகளுக்கு மீன் தருவதாக மற்றப் படகுக்காரர்கள் சொன்னார்கள். மொசாம்பிக் கரைக்காரர்களிடமும் கேட்டாய். தங்க இடமும் சாப்பாடும் தாங்கள் பார்ப்பதாக அவர்கள் எழுதினார்கள். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, "இது நாங்கள் போட்டது, இது அவர்கள் போட்டது, நீங்கள் எதைப் போடுவீர்கள்?" என்று புதிதாக ஆட்களுக்கு எழுதினாய். இரங்கச் சொல்லி அதில் ஒரு வரியும் இல்லை. கூட்டாண்மை என்ற சொல்லை நான் மேடைகளில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அதன் அர்த்தத்தை அந்தத் தாளில்தான் பார்த்தேன்.

ஒரு சிறிய வெளிநாட்டு அறக்கட்டளையிலிருந்து ஒரு மெலிந்த மனிதர் வந்தார். மூன்று நாள் நிற்க வேண்டும், வாடியில் எங்களோடு வேலை செய்ய வேண்டும் என்று நீ முன்கூட்டியே சொல்லியிருந்தாய். மனிதர் முழுக்கைச் சட்டையோடு வந்து, சூடு தாங்காமல் கையை மடித்துவிட்டுப் பைபரை உரசினார். மத்தியானத்துக்குள் கையெல்லாம் அரிப்பு. அம்மா குளிர்ந்த தண்ணீரில் கழுவச் சொல்லி, பவுடர் தட்டிவிட்டாள். அந்த இடத்தில்தான் அவர் என்னிடம், அங்கே போனால் எங்களிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நான் பழைய பழக்கத்தில் தொடங்கினேன்: "ஐயா, நாங்கள் பாவப்பட்ட சனம், கடலிலயும் சண்டையிலயும் எல்லாத்தையும் இழந்து..."

நீ என்னை நிறுத்தினாய். "அப்பா, இதை நான் மொழிபெயர்க்க மாட்டன். கேட்டதுக்குப் பதிலைச் சொல்லுங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். "போக வர விமான ரிக்கற் வேணும். அதைவிட முக்கியம், நாங்கள் திரும்பி வந்த பிறகும் அந்தச் சனம் போட் ஒட்டுற ரெசின் பசை வாங்க ஒரு வழி வேணும். பழக்கிப்போட்டுச் சாமான் இல்லாமல் விட்டா, பழக்காமல் விட்ட மாதிரித்தான்" என்றேன். நீ அதை மொழிபெயர்த்தாய். அந்த மனிதர் பவுடர் பூசிய கையாலேயே குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். முதல் தடவையாக ஒரு வெள்ளைக்காரர் நான் சொன்னதை எழுதியபோது, அது என் தொழிலைப் பற்றிய சொல்லாக இருந்தது. என் சாவு வீட்டைப் பற்றியதாக இருக்கவில்லை. நீ என் பக்கம் திரும்பிச் சிரித்த சிரிப்பு அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த அறக்கட்டளை ரிக்கற்றுக்கும் ரெசினுக்கும் பொறுப்பெடுத்தது, உன்னை இங்கே விட்டு நாங்கள் நாலு பேரும் போனோம். மொசாம்பிக் கதையை நீ ஆயிரம் தரம் கேட்டுவிட்டாய். ஆனால் இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வாய் பேசாத ஆட்களாக ஐந்து கிழமை இருக்கப் போகிறோம் என்று பயந்துகொண்டு போய் இறங்கினோம். எங்களை எதிர்கொண்டவர் பெயர் ஷாவியேர், என் வயதுக்காரர். எங்கள் சவேரியாரின் பெயர்தான் அது என்று பிறகுதான் விளங்கியது. இருக்கச் சொல்லி ஒரு பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு "கதெய்ரா" என்றாள். இராசையா என்னைப் பார்த்தான். நான் "கதிரை" என்றேன். அவள் சிரித்துக்கொண்டு தலையாட்டினாள். நான் மேசையைத் தொட்டு "மேசை" என்றேன், அவர்கள் "மேஸா" என்றார்கள். என் சப்பாத்தைக் காட்டினேன், அவர்களுக்கும் அது "சப்பாத்து"தான். யன்னல், குசினி, அலுமாரி என்று நான் வீட்டைச் சுற்றிச் சொல்லச் சொல்ல, ஊர்ச் சனமே கூடிவிட்டது. ஒரே போர்த்துக்கேயக் கப்பல்காரர்கள் இரண்டு கரைக்கும் வந்து விட்டுப் போன சொற்கள். இரண்டு கரையிலும் சனம் அவற்றைப் பத்திரமாக வைத்துப் புழங்கியிருக்கிறது.

அந்தக் குதூகலத்தில்தான் நான் பிழை விட்டேன். மழைக்காலம். படகுகள் வெளியே காய்ந்தமாதிரித் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருந்தது. இன்னும் நான்கைந்து நாள் காயவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் சனம் சுற்றி நின்று பார்க்கிறது. முல்லைத்தீவான் என்றால் யார் என்று காட்ட ஆசை. முதல் கிழமையே மூன்று படகை ஒட்டினேன். கடலில் இறக்கி இரண்டாம் நாள் மூன்றிலும் ஒட்டு கிளம்பிவிட்டது. ஷாவியேர் தன் படகைக் கரைக்கு இழுத்தார். எனக்கு அந்த மணலுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. அன்று பின்னேரம் சனத்தைக் கூப்பிட்டு, ஆங்கிலம் தெரிந்த ஊர்ப் பையன் ஒருவனிடம் என் அரைகுறை ஆங்கிலத்தில், பிழை என்னுடையது, அவசரப்பட்டேன், திரும்பச் செய்து தருகிறேன் என்று சொல்லச் சொன்னேன். ஷாவியேர் என் முதுகில் தட்டினார். அந்த மூன்று படகையும் உரித்து, காயவிட்டு, இந்த முறை அவர்களுடைய கையாலேயே ஒட்ட வைத்தேன். நான் பக்கத்தில் நின்று "மூக்கை மூடு" என்று அதட்டிக்கொண்டு நின்றேன். அந்த ஊரை விட்டு வரும்போது அங்கே ஆறு பேருக்குத் தொழில் தெரிந்திருந்தது. இராசையா திருத்திய எஞ்சின்களின் சத்தம் கரை முழுவதும் கேட்டது.

நீ அறிக்கை எழுதியபோது அந்த மூன்று படகையும் முதல் பக்கத்திலேயே போட்டாய். நான் தொலைபேசியில் கத்தினேன். "என்ர பேரைக் கெடுக்கிறியோ? பிறகு சரியாச் செய்தனாங்கள் தானே, அதை எழுதன்!"

"அதையும் எழுதியிருக்கிறன் அப்பா. பிழைச்சதை மறைச்சா, அடுத்ததாப் போறவையும் ஈரத்திலதான் ஒட்டுவினம்."

"காசு தாறவை என்ன நினைப்பினம்?"

"எங்களை நம்பலாம் எண்டு நினைப்பினம். நினைக்காட்டி அவை எங்களுக்குச் சரிவராது."

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன், உண்மையைச் சொன்னால் இரண்டு கிழமை உன்னோடு சரியாகக் கதைக்கவில்லை. பிறகு அந்த மெலிந்த மனிதரின் கடிதம் வந்தது. தனக்கு வந்த அறிக்கைகளில் முதல் பக்கத்தில் பிழையை எழுதியிருந்த ஒரே அறிக்கை உன்னுடையது என்று எழுதியிருந்தார். மூன்று வருடத்துக்குச் சேர்ந்து நிற்பதாக ஒப்பந்தம் அனுப்பினார். வேறு இரண்டு அமைப்புகளையும் அவரே கூட்டிக்கொண்டு வந்தார். அந்தச் செய்தியை நீ வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாய். அம்மாதான் எழும்பி வந்து உன் தலையில் கை வைத்தாள். நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். ஏன் போனேன் என்று நீ கேட்கவில்லை, அதற்கும் நன்றி.

இனி நீ அங்கே இருந்து, ஷாவியேரின் ஆட்களைத் தொண்டர்களாக இன்னொரு கரைக்கு அனுப்புகிற வேலையைத் தொடங்கப் போகிறாய். தகப்பன் என்ற முறையில் சிலதைச் சொல்லாமல் விட ஏலாது. உதவி தருகிறவர்களோடு கதைத்துக் கதைத்து, அவர்களுடைய சொற்களிலேயே நினைக்கத் தொடங்கிவிடாதே. கிழமைக்கு ஒரு நாளாவது கணினியை மூடிவிட்டு, கரையில் போய்ச் சும்மா உட்கார்ந்து சனத்தோடு கதை. உன்னிடம் ஒருவன் அழுது கேட்டால், அவன் என்னைப் போன்றவன் என்று நினைத்துக்கொள். அவனை ஏசாதே. அவனுக்கு வேறு விதமாகக் கேட்க யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். நீ எனக்குக் காட்டியதுபோல அவனுக்கும் காட்டு. முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லு, ஆனால் சொல்லிவிட்டு இராசையா போன்றவர்களின் முகத்தைப் பார்க்காமல் ஓடிவிடாதே. நீ ஓடவில்லை. அதனால்தான் உன்னை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு வேலை வந்தால் சாப்பாடு மறந்துபோகும், அது என் குணம்.

கடைசியாக ஒரு செய்தி. நேற்றுச் சங்கக் கட்டடத்தில் அடுத்த குழுவுக்குப் பெயர் எழுதினார்கள். மீன் பதப்படுத்தப் பழக்குவதற்குப் பெண்கள் வேண்டும் என்று உன் அலுவலகப் பிள்ளை வந்து விளக்கம் சொன்னது. நான் பின்வரிசையில் இருந்தேன். முன்வரிசையில் அம்மா கையை உயர்த்தினாள். அந்தப் பிள்ளை திகைத்துப்போய், "அம்மா, அவ்வளவு தூரம் போகப் பயமில்லையோ?" என்று கேட்டது.

"எனக்கென்ன பயம்? பிடிச்ச மீனில பாதியை அழுக விடுகினமாம். அதைக் கேட்டுப்போட்டுச் சும்மா இருக்கேலுமோ?" என்றாள் உன் அம்மா.

வீட்டுக்கு வரும் வழியில், "சுகந்திக்குச் சொல்லுவமோ?" என்று கேட்டேன். சட்டென்று நின்றுவிட்டாள். "சொல்லாதேங்கோ. தாய் எண்டு பாத்து எடுக்கக் கூடாது. மற்ற ஆக்களைக் கேக்கிற மாதிரிக் கேள்வி கேட்டு, சரியெண்டால் எடுக்கட்டும். இல்லையெண்டால் விடட்டும். நீங்கள் எதுக்கும் சமைக்கப் பழகுங்கோ" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள். ஒரு வாக்கையும் காப்பாற்றத் தெரியாத மனிதன் நான், இதோ சொல்லிவிட்டேன். ஆனால் அவள் சொன்னபடியே செய், மகள். அவளுடைய விண்ணப்பம் வரும்போது யாரோ ஒரு பெண்ணின் விண்ணப்பம் என்று நினைத்து வாசி. கடினமான கேள்விகளைக் கேள். அவள் பதில் சொல்லுவாள். நான் இன்று காலை முதல் தடவையாகச் சோறு வடித்தேன். கொஞ்சம் குழைந்துவிட்டது.

உன் அப்பா